ஏறி விளையாடும் கான்கிரீட் சிற்பம்: முதல் கோட்டிலிருந்து முதல் குழந்தை வரை

சிற்பத்தின் பக்கத்தில் "ஏறாதீர்கள்" என்று பலகை நட்டால், அன்று மாலையே யாராவது ஒரு பையன் அந்தப் பலகையில் கால் வைத்துச் சிற்பத்தின் மேல் ஏறியிருப்பான். பொது இடத்தில் கை எட்டும் தூரத்தில் இருக்கும் எதையும் மக்கள் தொடுவார்கள், தொங்குவார்கள், பெயர் கிறுக்குவார்கள். இதைத் தடுக்கப் பார்ப்பது வீண் வேலை. அந்தப் பையன் எப்படியும் வருவான் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு, அவனை மனத்தில் வைத்தே சிற்பத்தைத் திட்டமிட வேண்டும். கம்பியின் தடிமன், துளையின் அகலம், கலவையில் ஊற்றும் தண்ணீர் என்று கீழே வரும் கணக்குகள் எல்லாம் அவனுக்காகத்தான்.

அப்படித் திட்டமிட்டுச் செய்த சிற்பங்கள் உலகில் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு பாலத்துக்கு அடியில் 1990இல் உருவான ஃப்ரீமான்ட் பூதம் ஏறக்குறைய 5.5 மீட்டர் உயரம். கம்பி, வலை, கான்கிரீட்டால் ஆனது. கையில் ஒரு நிஜ ஃபோக்ஸ்வேகன் காரைப் பிடித்திருக்கிறது. அதன் கைமேலும் தோள்மேலும் ஆட்கள் ஏறாத நாள் இல்லை. ஜெருசலேமில் சிற்பி நிக்கி டி செயிண்ட் ஃபால் 1972இல் முடித்த 'கோலெம்' என்ற அரக்கனின் வாயிலிருந்து மூன்று சிவப்பு நாக்குகள் நீள்கின்றன, மூன்றும் சறுக்குமரங்கள். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அப்போது எதிர்ப்பு எழுந்தது. குழந்தைகளோ நேராக வாய்க்குள் நுழைந்து நாக்கில் சறுக்கினார்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே சிற்பத்தைக் கட்டுவோம்: ஒரு நத்தை. ஓடு 2.4 மீட்டர் விட்டம், உடல் 4 மீட்டர் நீளம். ஓட்டுக்குள் நுழையலாம், முதுகில் ஏறலாம், வால் பக்கம் சறுக்கலாம்.

1. இடத்தில் உட்கார்ந்திருங்கள்

வரைவதற்கு முன் அந்த இடத்தில் காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை போய் உட்காருங்கள். மக்கள் எந்தக் குறுக்குவழியில் நடக்கிறார்கள், முதியவர்கள் நிழலைத் தேடி எங்கே நகர்கிறார்கள், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். புல்லில் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தால் அதை மறிக்காதீர்கள். மறித்தால் பாதை சிற்பத்தின் மேல் ஏறிப் போகும்.

மண்ணுக்கு அடியில் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடத்தின் உரிமையாளர் யார், பராமரிப்பு யார் பொறுப்பு, காப்பீடு யார் பெயரில் என்ற மூன்றும் காகிதத்தில் வந்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பாதியில் நின்றுபோன சிற்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோயிருக்கின்றன.

2. என்ன செய்ய விடப்போகிறீர்கள்?

மக்கள் கலந்துகொள்ளும் கலை என்றதும் சென்சார், விளக்கு, ஒலிபெருக்கி என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒழுங்காகச் செய்த கான்கிரீட் பல பத்தாண்டுகள் நிற்கும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மின்னணுப் பெட்டி அதில் பத்தில் ஒரு பங்கு காலம் தாங்கினாலே பெரிது. செத்துப்போன பொத்தான் உள்ள சிற்பத்தைவிடப் பொத்தானே இல்லாத சிற்பம் மேல். கட்டாயம் வேண்டுமென்றால், கம்பிகளைக் கழற்றி மாற்றும்படி கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து விடுங்கள்.

கான்கிரீட்டே செய்யக்கூடிய விந்தைகள் நிறைய இருக்கின்றன. அது ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ரேடார் வருவதற்கு முன், எதிரி விமானத்தின் ஓசையைப் பிடிப்பதற்காக இங்கிலாந்தின் டெஞ்ச் கடற்கரையில் 1928 முதல் 1930 வரை பெரிய கான்கிரீட் ஒலிக்கண்ணாடிகளைக் கட்டினார்கள். அவை இன்றும் நிற்கின்றன. அந்தத் தத்துவத்தையே நாம் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். குழிந்த கிண்ணம் ஒன்றின் வளைவு ஆரம் 3 மீட்டர் என்றால், ஒலி வந்து குவியும் புள்ளியான அதன் குவியம் 1.5 மீட்டர் முன்னால் இருக்கும். அப்படி இரண்டு கிண்ணங்களை 15 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தினால், ஒரு குவியத்தில் முணுமுணுப்பது மறு குவியத்தில் கேட்கும். நம் நத்தை ஓட்டின் உட்புறத்தைக் கோளமாக விட்டால், நடுவில் நிற்கும் குழந்தைக்குத் தன் குரல் நாலாபுறமிருந்தும் தன்னிடமே திரும்பும். ஆரம் 1.2 மீட்டர் என்பதால் கோளத்தின் மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் அமையும். அது குழந்தையின் தலை இருக்கும் உயரம். இதற்குச் செலவு எதுவும் இல்லை, பழுதாக எதுவும் இல்லை.

ஏறுவதைத் தவிர வேறு வகையிலும் உறவு வேண்டும். எல்லோராலும் ஏற முடியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு 90 செ.மீ.க்குக் குறையாத வழி, உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் தொட்டுப் பார்க்க ஒரு பரப்பு, கேட்பதற்கு ஒரு துளை, களைத்தவர் உட்கார 45 செ.மீ. உயரத்தில் ஒரு விளிம்பு ஆகியவை வேண்டும். நத்தையின் கால்விளிம்பையே இருக்கையாக்கிவிட்டால் தனியாக பெஞ்சு போட வேண்டியதில்லை.

3. சிறுமாதிரி

களிமண்ணில் 1:10 அளவில் மாதிரி செய்யுங்கள். கூடவே 12 செ.மீ. உயரத்தில் ஒரு குழந்தை பொம்மையும் 17 செ.மீ. உயரத்தில் ஒரு பெரியவர் பொம்மையும் செய்து பக்கத்தில் நிறுத்துங்கள். மேசை மேல் அழகாகத் தெரிந்த வளைவு, பொம்மையை ஏற்றிப் பார்த்ததும் ஆளை வழுக்கித் தள்ளும் பாறையாகிவிடும். இந்தப் பொம்மைகள் எனக்குக் காட்டிக்கொடுத்த தவறுகளை வரைபடம் ஒருநாளும் காட்டியதில்லை.

நுழைவாயில், இருக்கை, பிடிமானம் மூன்றையும் முழு அளவில் அட்டைப்பெட்டியிலும் மரச்சட்டத்திலும் செய்து, வெவ்வேறு வயதுக் குழந்தைகளை நுழையவும் உட்காரவும் சொல்லிப் பாருங்கள். அட்டையைக் கத்தியால் நறுக்கித் திருத்திவிடலாம். கான்கிரீட்டை அப்படித் திருத்த முடியாது.

மாதிரியைப் பெரிதாக்கும்போது பலர் ஒரு கணக்கில் ஏமாறுகிறார்கள். பத்து மடங்கு உயரமாக்கினால் பரப்பு நூறு மடங்கு, எடை ஆயிரம் மடங்கு. கையடக்க மாதிரியில் மெலிந்த கழுத்தில் கம்பீரமாக நின்ற தலை, பெரிய அளவில் டன் கணக்கில் தொங்கும் பாரம்.

4. எடையும் வலிமையும்

கான்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. நத்தையின் ஓட்டை முழுக் கட்டியாக வார்த்தால் 7 கனமீட்டருக்கு மேல் வரும். 17 டன்னைத் தாண்டும். அதையே 6 செ.மீ. தடிமனில் உள்ளே வெற்றிடமாகக் கட்டினால் ஏறக்குறைய 2.5 டன்தான். கட்டியாக வார்த்தால் வேறு தொல்லையும் உண்டு: நடுப்பகுதி கெட்டியாகும்போது வெப்பம் ஏறி, வெளிப்பக்கம் முன்னால் குளிர்ந்து வெடிக்கும். ஆகவே பெரிய சிற்பத்துக்குக் கம்பிக்கூட்டின் மேல் பல அடுக்கு வலையைப் போர்த்திக் கலவையை அழுத்திப் பூசும் ஃபெர்ரோசிமெண்ட் முறைதான் என் தேர்வு. புதுமை எதுவும் இல்லை. பிரான்சில் ழோசஃப் லூயி லாம்போ என்பவர் 1848இலேயே இந்த முறையில் படகு செய்து மிதக்கவிட்டார். மெல்லிய ஓடு, நெருக்கமான வலை, செறிந்த கலவை ஆகிய மூன்றும் சேரும்போது எந்த வளைவும் சாத்தியம்.

ஓட்டின் மேல் ஆறு குழந்தைகள் ஏறிக் குதிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் கூடும் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கமான கணக்கு. நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள்தான் ஆபத்து. 1.5 மீட்டர் நீண்ட கொம்பின் நுனியில் 80 கிலோ ஆள் ஒருவர் தொங்கினால், அடிப்பகுதியில், ஒரு மீட்டர் தள்ளி 120 கிலோ தொங்குவதற்குச் சமமான திருப்புவிசை விழுகிறது. இருவர் சேர்ந்து ஊஞ்சலாடினால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். நத்தையின் கண்தண்டுகளைக் குட்டையாக, பருமனாக, அரை மீட்டருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. சிற்பம் கொஞ்சம் சோம்பேறி நத்தைபோல் தெரியும், இருக்கட்டும்.

ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் வரைபடத்தைக் கொடுத்துக் கணக்குப் போட்டு கையெழுத்து வாங்குங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் எதற்கும் இது கட்டாயம். காற்றின் அழுத்தம், மண்ணின் தாங்குதிறன், கவிழ்வு மூன்றையும் அவர் பார்ப்பார். கலைஞனுக்குத் தெரிந்த "கண் மதிப்பு" இங்கே செல்லாது.

5. உயிர்காக்கும் அளவுகள்

இந்தப் பகுதியை மனப்பாடம் செய்வதில் தவறில்லை.

குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் துளைதான் மிகக் கொடியது. விளையாட்டுத்திடல் தரநிலைகளின்படி, முழுவதும் சூழப்பட்ட துளை எதுவும் 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் இடைப்பட்ட அளவில் இருக்கக் கூடாது. ஒன்று அதைவிடச் சிறிதாக, இல்லையேல் பெரிதாக இருக்க வேண்டும். விரல் மாட்டும் அளவு 8 முதல் 25 மி.மீ. வரை. மேல்நோக்கித் திறந்த 'வி' வடிவக் கவைகளில் கழுத்தும் துணியும் சிக்கும். அவற்றை நிரப்பி உருட்டிவிடுங்கள்.

விழும் உயரத்துக்கு ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1176 வைக்கும் உச்சவரம்பு 3 மீட்டர். அதன் அடியில் கான்கிரீட்டோ கருங்கல்லோ இருக்கக் கூடாது. மணல், மரச்சீவல், ரப்பர் போன்ற மெத்தையான தரை வேண்டும். நத்தையின் உச்சி 2.4 மீட்டரில் நிற்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஏறவே கூடாத உயரம் ஒன்று சிற்பத்தில் இருந்தால், அங்கே போகும் வழியில் கால் வைக்க இடமில்லாதபடி இரண்டு மீட்டருக்கு வழுவழுப்பான செங்குத்துப் பரப்பை விடுங்கள். பலகையைவிட அது உறுதியாகச் சொல்லும்.

சறுக்குப் பாதையின் சரிவு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 30 முதல் 35 வரை வைத்தால் நன்றாக இருக்கும். கீழே சமதளமாக ஓடி நிற்க இடம் விடுங்கள். சறுக்கு நேர்வெயிலைப் பார்த்தபடி அமைந்தால் கோடையில் தொடை வெந்துபோகும், ஆகவே திசையை மாதிரி நிலையிலேயே முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே நுழையும் குகை வைத்தால் இரண்டு வாசல் வையுங்கள். வெளியில் நிற்கும் பெரியவருக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டும். மூன்றாவதாக ஒன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்: இருட்டான, மறைவான பொந்தைச் சிலர் சிறுநீர் கழிக்கப் பயன்படுத்துவார்கள். தரையை நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் வாசலை நோக்கிச் சாய்த்து, மேலே வெளிச்சம் வர ஒரு திறப்பும், குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வசதியும் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

6. அடித்தளம்

மேல்மண்ணை முழுவதும் அகற்றி, கெட்டி மண் வரை தோண்டி, ஜல்லி பரப்பி இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். நம் நத்தைக்கு 4.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 25 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் தளம் ஏறக்குறைய 8 டன் வரும். சிற்பத்தைவிடக் கனமான பீடம் என்பதால் கவிழ்வு பற்றிய கவலை குறையும். உறைபனி விழும் நாடுகளில் அடித்தளம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும்.

தளம் வார்க்கும்போதே சிற்பத்தின் விலாக்கம்பிகளை இணைக்க வேண்டிய இடங்களில் 12 மி.மீ. கம்பிகளை நட்டு வெளியே நீட்டிவிடுங்கள். கம்பியின் விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 60 செ.மீ. நீளத்துக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் விசை கடக்கும். தளத்தின் மேற்பரப்பு சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்ந்து வெளிப்புறம் சாயட்டும். நீர் தேங்கும் இடத்தில்தான் துரு தொடங்கும்.

7. எலும்பும் வலையும்

களிமண் மாதிரியைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் தரையில் முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே 10 மி.மீ. கம்பியை வளைத்து விலாக்களைச் செய்யலாம். விலாக்களை நிறுத்தி, குறுக்கே 8 மி.மீ. கம்பிகளை 15 செ.மீ. இடைவெளியில் ஓட்டிக் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். வெல்டிங் வேகமானதுதான், ஆனால் எல்லாக் கம்பியும் வெல்டிங்குக்கு ஏற்றதில்லை, சூடு பட்ட இடத்தில் சில வகைகள் நொறுங்கும் தன்மை அடையும். முக்கிய இணைப்புகளை வெல்டு செய்வதென்றால் பொறியாளரிடம் கம்பியின் வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

எலும்புக்கூடு நின்றதும் கலவை பூசுவதற்கு முன் அதன் மேல் நீங்களே ஏறிக் குதியுங்கள். ஆடினால் கம்பி போதாது. வெறும் கூடு ஆடாமல் நின்றால்தான் பூசும்போது கலவை விரிசல் விடாமல் பிடிக்கும்.

இனி வலை. அரை அங்குலக் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய வலையை வெளியே இரண்டு அடுக்கும் உள்ளே இரண்டு அடுக்கும் போர்த்துங்கள். ஒரு அடுக்கின் கண் மற்றதன் கண்ணோடு பொருந்தாமல் விலகியிருக்கட்டும். ஓரங்கள் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினால் வலை எங்கும் தொங்கலாகக் குதிக்கக் கூடாது. குதிக்கும் இடத்தில் இன்னும் கட்டுக்கம்பி போடுங்கள். அறுந்த நுனிகளை எல்லாம் உள்நோக்கி மடக்குவது அலுப்பான வேலை. ஆனால் மடக்காமல் விட்ட ஒவ்வொரு நுனியும் மூன்றாம் ஆண்டில் பூச்சுக்கு வெளியே துருப்பொட்டாக எட்டிப் பார்க்கும்.

விலாக்கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. கலவை இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இரும்பு துருவாகும்போது பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். பழைய சிற்பங்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

8. கலவை

எடைக்கணக்கில் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டரைப் பங்கு மணல், 0.4 பங்கு தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு 125 கிலோ மணல், 20 லிட்டர் தண்ணீர். இதில் ஒரு பொறி இருக்கிறது. மணல் ஈரமாக இருந்தால், அந்த ஈரமும் இந்த 20 லிட்டரில் சேர்த்தி. நூற்றுக்கு ஐந்து ஈரம் என்றால் மணலிலேயே 6 லிட்டர் வந்துவிட்டது. நீங்கள் ஊற்ற வேண்டியது 14 லிட்டர்தான். பூச எளிதாக இருக்கட்டும் என்று கொத்தனார் ஒரு குவளை தண்ணீரைக் கூடுதலாகச் சாய்ப்பதைப் பார்த்தால் தயங்காமல் தடுங்கள். இளக்கம் வேண்டுமென்றால் தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கலாம். கையில் பிடித்து உருட்டினால் பந்தாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது.

மணல் கழுவியதாக, களிமண் கலக்காததாக இருக்கட்டும். கடல்மணல் வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும். நுண்விரிசலைக் குறைக்க 12 மி.மீ. பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் இழையைச் சேர்க்கலாம். கண்ணாடி இழை என்றால் காரத்தைத் தாங்கும் வகைதான். சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமெண்டின் காரமே கரைத்துவிடும். ஓட்டுக்கு மட்டும் பதினைந்து மூட்டை சிமெண்ட் தேவைப்படும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் பூசி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் தெளித்து மீண்டும் உயிர்ப்பிக்க முயல்வது கலவையைக் கொல்வதற்குச் சமம்.

பூசும் நாளில் கலக்க ஒருவர், சுமக்க ஒருவர், பூச மூவர், ஓட்டுக்குள் விளக்கோடு ஒருவர் இருப்பது நல்லது. வெளியே இருப்பவர் கலவையை வலைக்குள் அழுத்த, அது உள்பக்கம் புழுப்புழுவாகப் பிதுங்கி வர வேண்டும். உள்ளே இருப்பவர் அதைக் கரண்டியால் திருப்பி அழுத்துவார். பிதுங்காத இடத்தில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அந்த வெற்றிடத்தில் பின்னால் நீர் புகும். கீழிருந்து மேலாகப் போங்கள். கவிழ்ந்த பரப்புகளுக்குச் சற்று வறண்ட கலவையை எடுத்து, மெல்லிய அடுக்காகப் பூசுங்கள்.

முதல் அடுக்கு இறுகுவதற்குள் சீப்பு போன்ற கருவியால் கீறி விடுங்கள். மறுநாள் அதை நனைத்து, சிமெண்ட் பாலைத் தூரிகையால் தடவி, அது காய்வதற்குள் அடுத்த அடுக்கைப் பூச வேண்டும். காய்ந்துவிட்ட சிமெண்ட் பால் ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரித்துவிடும். பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

கடைசி அடுக்கு 10 முதல் 15 மி.மீ., சலித்த மணலில். பூசிச் சில மணி நேரத்தில் அது சோப்புக்கட்டி பதத்துக்கு வரும். சிற்பியின் பொழுது அதுதான். கத்தி, கரண்டி, உடைந்த ரம்பம், பழைய தேக்கரண்டி எதை வைத்தும் ஓட்டின் வரிகளையும் தோலின் சுருக்கங்களையும் செதுக்கலாம். வெயிலையும் காற்றையும் பொறுத்து அந்தப் பதம் சீக்கிரம் கடந்துவிடும், அதனால் ஒரு நாளில் செதுக்கி முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் பூசுங்கள்.

கையுறை போடாமல் ஈரக் கலவையைத் தொடாதீர்கள். அதன் பிஎச் 12க்கு மேல், அதாவது கடுமையான காரம். வலி தெரிவதற்குள் தோல் வெந்திருக்கும். முழங்காலில் ஈரம் ஊறிய கால்சட்டையோடு மணிக்கணக்கில் மண்டியிடுவதும் அதே ஆபத்துதான். அரைக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் விட்டு அரையுங்கள், நல்ல முகமூடி அணியுங்கள்.

9. காயவிடாதீர்கள்

கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. இது புரியாமல் நான் கெடுத்த வேலை ஒன்று உண்டு. ஒரு பெரிய மீனின் வாலை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது வால் முழுவதும் தலைமுடிபோல் மெல்லிய விரிசல்கள். அவற்றில் ஒன்றுகூட அப்புறம் ஆறவில்லை. வாலையே உடைத்துவிட்டு மறுபடி பூசினேன்.

செதுக்கி முடித்ததும் ஈரச்சாக்கைப் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பால் காற்று புகாமல் மூடுங்கள். ஏழு நாள் குறைந்தபட்சம், பதினான்கு நாள் என்றால் நிம்மதி. சாக்கு காய்ந்துவிட்டதா என்று நாளுக்கு மூன்று முறை கை வைத்துப் பாருங்கள். முழுப் பாரத்தையும் 28 நாள் கழித்து ஏற்றுங்கள். கட்டுமானம் நடப்பதை வேடிக்கை பார்த்த குழந்தைகளுக்கு இந்த நான்கு வாரம் பெரும் சோதனை. வேலியைப் பலமாகப் போடுங்கள்.

10. தோல்

கைபடும் இடத்தில் சாதாரண பெயின்ட் நிற்காது, ஓராண்டில் உரியும். இரும்பு ஆக்சைடு நிறமியைக் கடைசி அடுக்குக் கலவையிலேயே, சிமெண்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து வரை சேர்த்துவிட்டால் தேய்ந்தாலும் அதே நிறம் அடியில் இருக்கும். கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் கல்லையே நிறமாக்கவும் முடியும். நார்வேயின் சிற்பி கார்ல் நேஷார், பிக்காசோவின் வடிவங்களைப் பெரிதாக்கியபோது கருங்கல் ஜல்லியின் மேலிருந்த வெளிர்ப் பூச்சை மணல் பீய்ச்சி அகற்றி, அந்தக் கருமையாலேயே கோடு வரைந்தார். நியூயார்க்கில் 1968இல் நிறுவிய சுமார் 11 மீட்டர் உயர 'சில்வெட்' அப்படி உருவானதுதான். அதில் உரிவதற்கு எதுவும் இல்லை.

மொசைக் அழகுதான். இத்தாலியின் டஸ்கனியில் நிக்கி டி செயிண்ட் ஃபால் இருபது ஆண்டு உழைத்து 1998இல் திறந்த, டாரட் சீட்டுகளின் உருவங்களைச் சிற்பமாக்கிய டாரட் தோட்டத்தில் கண்ணாடியும் பீங்கானும் மின்னுகின்றன. அதில் 'மகாராணி' உருவத்துக்குள் அவர் வீடு அமைத்துக் குடியிருந்தார். ஆனால் ஏறும் பரப்பில் உடைந்த கண்ணாடிச் சில்லு வேண்டாம். நீர் உறிஞ்சாத பீங்கானை எடுத்து, ஒவ்வொரு விளிம்பையும் அரைகல்லால் மழுக்கி, நெகிழும் பசையில் பதியுங்கள். விரலை அழுத்தி முன்னும் பின்னும் இழுத்துச் சோதித்த பிறகு விடுங்கள். ஊர்மக்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்ற வேலையும் இதுதான். ஆளுக்கொரு சதுர அடி கொடுத்தால், தான் பதித்த பீங்கான் துண்டைக் காட்ட அவர்கள் பேரக்குழந்தைகளோடு வருவார்கள். சிற்பத்தைக் கிறுக்கல்களிலிருந்து காக்கிற காவலும் அவர்களே.

சறுக்கைச் சலவைக்கல் துகள் கலந்து பூசி, வைர அரைத்தகடுகளால் 50, 100, 200, 400 என்று எண் கூடக் கூட மென்மையாகும் தகடுகளை மாற்றிப் படிப்படியாக மெருகேற்றுங்கள். ஏறும் பக்கமோ சொரசொரப்பாக இருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு நீரை விலக்கும் சைலேன் திரவத்தைத் தெளித்தால் போதும். பளபளக்கும் வார்னிஷ் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் அதைக் கொப்புளமாக்கிவிடும்.

11. திறப்பதற்கு முன்னும் பின்னும்

நாடாவை வெட்டுவதற்கு முன்பு, கணக்கில் சொன்ன பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு மணல்மூட்டைகளை ஓட்டின் மேல் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மரச்சுத்தியால் முழுவதும் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் அடியில் பொந்து. பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பரப்பு முழுவதும் தடவுங்கள். சாக்ஸ் எங்கே மாட்டுகிறதோ அங்கே தோல் கிழியும்.

பராமரிப்புப் புத்தகம் ஒன்றை எழுதி இடத்தின் பொறுப்பாளரிடம் கொடுங்கள்: கலவையின் விகிதம், நிறமியின் அளவு, கம்பி ஓடும் வரைபடம், புகைப்படங்கள். கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியல் நகரில் பெஞ்சமின் டொமிங்கஸ் 1965இல் கட்டிய கடற்பிராணிகளை ஒரு கட்டத்தில் அகற்றத் திட்டமிட்டார்கள். அவற்றில் விளையாடி வளர்ந்தவர்கள் ஒன்றுசேர்ந்துதான் காப்பாற்றினார்கள். அப்படி யாராவது பழுதுபார்க்க வரும் நாளில் அவர்களுக்கு உங்கள் கலவை விகிதம் தேவைப்படும்.

மாதம் ஒருமுறை மென்மையான சோப்பு நீர், ஆண்டுக்கு ஒருமுறை சுத்தியல் சோதனை. முதல் சில மாதங்களில் வெண்மையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம்; உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போகும். பழுப்புக் கறை தெரிந்தால் உடனே அந்த இடத்தை வெட்டித் திறந்து, கம்பியைத் துரு நீக்கி, அதே கலவையால் மூடுங்கள்.

முதல் ஆண்டுச் சோதனையின்போது எந்தெந்த இடங்கள் கைபட்டு, கால்பட்டு மெருகேறியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் கட்டியவற்றில் ஒன்றில், வாலின் இடப்பக்கம் கவனமாகச் செதுக்கி வைத்த படிகள் புதிதுபோலவே இருந்தன. ஏறும் வழியை எதிர்ப்பக்கம் குழந்தைகளே கண்டுபிடித்திருந்தார்கள்: இருக்கை விளிம்பு, வாய் ஓரம், கண்தண்டு, உச்சி. அங்கே மட்டும் கான்கிரீட் கூழாங்கல்லைப் போலப் பளபளத்தது. அடுத்த வாரம் மெத்தைத் தரையை அந்தப் பக்கத்துக்கு இரண்டு மீட்டர் நீட்டிப் போட்டேன்.